குருநகரில் விற்பனைக்கு ஒரு மங்கல்

திருச்சியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இருபத்திரண்டு வருடமாக ஊர்க்காரர்களின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் ஒரு மங்கலை வாங்குவதற்காகக் கடல் தாண்டிப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? என் கணவரே நம்பவில்லை. "லென்சு திருச்சியில கிடைக்காதா?" என்றார். கிடைக்கும். அதோடு யாழ்ப்பாணம் கிடைக்காதே.

கேமராப் பைத்தியம் எனக்கு நாற்பது வயதில் பிடித்தது. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கியபோது பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன லென்ஸ் கிடந்தது. லென்சுகளை எண்ணால்தான் அழைப்பார்கள், இது பதினெட்டு ஐம்பத்தைந்து. புடவையோடு ரவிக்கைத் துணி வருவது போல அது கேமராவோடு சேர்ந்தே வரும். அதில் எடுத்தால் முன்னால் நிற்கிற ஆள், பின்னால் நிற்கிற மாடு, மாட்டுக்கும் பின்னால் உள்ள விளம்பரப் பலகை எல்லாம் ஒரே தெளிவில் விழும். படம் எடுக்கிறவர்களின் குழுக்களில் அந்த லென்சுக்கு மரியாதையே கிடையாது. "முதல்ல அதைக் கழட்டி வீசுங்க மேடம்" என்றார்கள். வீசவில்லை, பையின் அடியில் போட்டேன். பிறகு ஒரு ஐம்பது வாங்கினேன். பறவைகளுக்காக ஒரு நீட்டு லென்ஸ் வாங்கினேன். அப்புறம் அதைவிட நீட்டு. கழுத்து வலியோடு போய் நின்றபோது டாக்டர், "மூட்டை தூக்குற வேலையாம்மா?" என்று கேட்டார். அதை விற்றேன். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். லென்ஸ் விஷயத்தில் அந்தக் கணக்கு முடிந்த மறுநாளே அடுத்த ஆசை வாசலில் வந்து நிற்கும்.

இந்த முறை வந்து நின்றது எண்பத்தைந்து. ஆள் முகம் எடுக்கிற லென்ஸ். அதன் கண் பெரியது. முழுக்கத் திறந்துவிட்டால் நாம் பார்க்கிற முகம் மட்டும் துல்லியமாக இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற உலகம் முழுக்கக் கரைந்து நிறமாகிவிடும். நாள் முழுவதும் தெளிவை விற்றுக் களைத்தவளுக்கு அந்தக் கரைசல்மேல் அப்படியொரு மயக்கம். குழுவில் யாழ்ப்பாணத்துக் குருநகர் அன்ரன் என்ற கல்யாணப் படக்காரர் தன்னுடைய எண்பத்தைந்தை விற்பதாகப் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: "நல்ல லென்ஸ். எனக்கு இனி வேண்டாம்." நல்ல லென்சை எதற்கு ஒருவர் வேண்டாம் என்கிறார்? அந்த வரிதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

வியாழக்கிழமை பலாலி விமான நிலையத்தில் இறங்கி, பலாலி வீதி பஸ்ஸில் ஏறினேன், ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே செம்மண் தோட்டம், வெங்காயம், கிணறு, வேலி, மறுபடியும் செம்மண். பஸ்ஸில் பழைய பாட்டுப் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, அங்கே பல்கலைக்கழக மாணவிகள் தங்கும் ஒரு வீட்டில் எனக்கு அறை சொல்லியிருந்தது. திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு விமானத்தில் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பஸ் காலியாக நின்றது. யாழ்ப்பாணம் பஸ் நிலையம். நடத்துநர் என் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்து பிளேன்ரி, அதாவது பால் விடாத டீ, குடித்துக்கொண்டிருந்தார்.

"திருநெல்வேலி எண்டு ரெண்டு தரம் கத்தினனான் அக்கா. நீங்கள் நல்ல நித்திரை."

"தட்டி எழுப்பியிருக்கலாமே?"

"நித்திரை கொள்ளுற ஆளை எப்பிடி எழுப்புறது? பாவமெல்லே."

எங்கள் ஊராக இருந்தால் எழுப்பி, திட்டி, இரண்டு நிறுத்தத்துக்குக் கூடுதல் டிக்கெட்டும் கிழித்திருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது வந்தோம், குருநகர் பக்கம்தானே என்று பெட்டியோடு ஓட்டோ ஏறினேன்.

குருநகரில் கடல் தெரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது, வாசனையாக. சந்துகளில் வலைகள் காய்ந்தன. கிறிஸ்தவக் கோயிலின் மணிக்கூண்டு பிற்பகல் மூன்றைக் காட்டியது. அன்ரன் வாசலிலேயே நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, இடது கண்ணை எப்போதும் சற்றுச் சுருக்கியே வைத்திருந்தார். அப்பாவும் சித்தப்பாக்களும் கடல்தொழில். இவர் ஒருவர்தான் கரையிலேயே நின்று படம் எடுத்துப் பிழைக்கிறவர் என்பதை ஓட்டோக்காரரே வழியில் சொல்லியிருந்தார்.

லென்சை மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். என்னுடைய கேமராவும் அதே கம்பெனிதான், பூட்டிப் பார்த்தேன். பின்வளவில் ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினேன். கொடி கரைந்தது. மதில் கரைந்தது. மதிலுக்கு அப்பால் நின்ற படகுகள் நீலமும் பச்சையுமாக மிதந்தன. நடுவில் அவள் முகம், நெற்றியில் ஒட்டிய ஒரு முடியோடு. அழுத்தினேன். உள்ளே கண்ணாடி எழும்பி ஒரு இமைப்பொழுது எல்லாம் இருட்டானது.

இந்த வகைக் கேமராவில் எனக்குப் பிடித்ததும் வருத்தமானதும் அதுதான். படம் பதிவாகிற அந்தக் கணத்தில் எடுக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. புது மாதிரிக் கேமராக்களில் அந்த இருட்டு இல்லையாம். எனக்கு அது இருக்க வேண்டும். கனவுக்கும் ஒரு கண்மூடல் வேண்டுமே.

"எவ்வளவு தம்பி?" என்றேன். என் குரல் குழைந்திருந்ததை நானே கேட்டேன். பேரம் பேசப் போகிறவள் அப்படிக் குழையக் கூடாது.

"அதைப் பிறகு கதைப்பம் அக்கா. முதல்லை ஒரு அலுவல் இருக்கு."

உள்ளேயிருந்து அவருடைய அம்மா பிலோமினா ஒரு ஆல்பத்தைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து மேசையில் வைத்தார். துணி எடுத்த பெண் ஜெனிற்றா, அன்ரனின் ஒரே தங்கச்சி. அவளுக்குப் போன வருடம் கல்யாணம். மாப்பிள்ளை றொசான் பக்கத்துப் பாசையூர்தான். பத்தொன்பது வயதில் நோர்வே போய், அங்கே ஒரு பேக்கரியில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் பதினொரு நாள் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆல்பத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாக மயக்கம். ஜெனிற்றாவின் முக்காட்டு ஓரம், றொசானின் விரல், இரண்டு முகங்கள், அவற்றைச் சுற்றி உருகி ஓடுகிற பொன்னும் வெள்ளையும். எல்லாம் இந்த எண்பத்தைந்தில் எடுத்தவை. நான் எடுத்ததாக இருந்திருந்தால் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பேன்.

பிலோமினா ஒரு படத்தின் மூலையில் விரலை வைத்தார். "இந்த மஞ்சள் முகில் தெரியுதே பிள்ளை? அது நான்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"முந்நூறு பேருக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள். கோயில் நிறைஞ்ச சனம். இதிலை ஒரு குஞ்சு குருமான் இல்லை."

அன்ரன் ஒரு கடிதத்தை எடுத்தார். ஜெனிற்றாவை அழைத்துக்கொள்ள றொசான் போட்டிருந்த விசா விண்ணப்பத்துக்கு அங்கிருந்து வந்த பதில். அன்ரன் தமிழாக்கிச் சொன்னார். படங்களில் உங்கள் இருவரைத் தவிர யாரையும் அடையாளம் காண முடியவில்லை. எடுத்த இடமும் தெரியவில்லை. பெண்ணுக்கு ஒரு அண்ணன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவர் எந்தப் படத்திலும் இல்லை. இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்ட, குடும்பத்தோடு சேர்ந்த படங்களை மாத முடிவுக்குள் அனுப்பவும்.

"அவையிலை பிழையில்லை" என்றார் அன்ரன். "அவைக்கு எங்களைத் தெரியாது. படத்தைத்தானே பாக்கினம். வரிசையா நிப்பாட்டி எடுக்கிறது பழசு எண்டு நான்தான் நினைச்சன். தங்கச்சியின்ரை கலியாணமெல்லே, வடிவா எடுப்பமெண்டு இந்த லென்சைக் கழட்டவே இல்லை. என்னையும் ஆரும் எடுக்கேல்லை. எடுக்கிறவன் நானெல்லே."

"போன்ல எடுத்து அனுப்பக் கூடாதா?"

"அதுவும் அனுப்பினனாங்கள். எல்லாம் செல்பி. ரெண்டு மூக்கும் ஒரு கன்னமும்."

"பக்கத்து வீட்டுக்காரங்க யாரையாவது எடுக்கச் சொல்லுங்களேன்."

இதற்கு ஜெனிற்றா வாசலில் நின்றபடி பதில் சொன்னாள். "சொன்னது அக்கா. நாலு பேர் வந்தவை. அண்ணை ஒவ்வொருத்தருக்கும் பின்னாலை போய் நிண்டு கமராவைச் சரிக்கட்டி, சரிக்கட்டி, கடைசியிலை பறிச்சுத் தானே எடுத்திட்டார்."

அன்ரன் தலையைக் குனிந்தார். இப்போது லீவில் வந்து நிற்கிற றொசான் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார். அதற்குள் படம் வேண்டும். "நீங்கள் கடல் தாண்டி வந்த ஆள். உங்கடை கையிலை இருந்து பறிக்கமாட்டன்" என்றார். லென்ஸ் வாங்கப் போனவள் தலையில் ஒரு குடும்பத்தின் விசா வந்து விழுந்தது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, நான் தங்கிய வீட்டில் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள். சம்பலின் காரத்தில் காது வழியாகப் புகை போனது. மாணவிகள் இருவர் என் கேமராப் பையைப் பார்த்து, "பறவை எடுக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்கள். நாரைகள் வந்து நிற்கிற நீர்ப்பரப்பு பற்றி நிறையச் சொன்னார்கள். ஒரு குடும்பத்தை எடுக்க வந்தேன் என்றதும் அவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

குருநகர் வீட்டில் எல்லோரும் பளபளவென்று தயாராக இருந்தார்கள். ஜெனிற்றா பட்டு, றொசான் கோட்டு, பிலோமினா கல்யாணத்துக்குக் கட்டிய அதே மஞ்சள் சேலை. இரண்டு நாற்காலி போட்டு மணமக்களை உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுக் கிடைத்த இரண்டு பேரைப் போல உட்கார்ந்தார்கள். றொசான் நல்ல உயரம், பேச்சில் அளவு. "நீர் இஞ்சாலை எப்பன் தள்ளி இரும்" என்று மனைவியிடம் அவர் சொன்ன மரியாதை எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த மரியாதை படத்தில் ஒரு முழ இடைவெளியாக விழுந்தது.

நான் செய்த காரியத்தை மறைக்கப் போவதில்லை. பையின் அடியில் அந்தச் சின்ன லென்ஸ் இருந்தது, அதுதான் இந்த வேலைக்கு உரியது என்றும் தெரியும். ஆனால் கேமராவில் எண்பத்தைந்து பூட்டியிருந்தது. ஒரே ஒரு படம், என்று நினைத்தேன். ஜன்னல் வெளிச்சம் ஜெனிற்றாவின் கன்னத்தில் விழுந்தது. ஒன்று, பத்தானது. பத்து, அறுபதானது. அந்தக் காலை எனக்குத் தண்ணீருக்குள் நடப்பது போலப் போனது. யாரோ தேநீர் தந்தார்கள், குடித்தேன். யாரோ பேசினார்கள், தலையாட்டினேன். கண்ணுக்குள் முகங்களும் கரைந்த நிறங்களும் மட்டுமே இருந்தன.

மத்தியானம் அன்ரன் என் கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"சரியான வடிவு அக்கா" என்றார். பிறகு மெதுவாக, "உதுதான் நான் செய்த பிழை."

எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. குடிகாரன் வீட்டுக்குக் கள்ளோடு போய் நின்றவள் ஆகிவிட்டேன். பிலோமினா எட்டிப் பார்த்தார். "இப்பவும் நான் முகில்தானோ?" என்று கேட்டுவிட்டுக் சமையலறைக்குள் போனார்.

மாலையில் றொசான் பாசையூருக்குப் போய்விட, ஜெனிற்றா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போனாள். பாதி வழியில் ஸ்கூட்டி நின்றுவிட்டது. பெட்ரோல் ஊற்ற மறந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் ரோஸ் நிறம். முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையோடு அசையாமல் நின்றார். லென்சே இல்லாமல் எல்லாம் கரைந்து கிடந்தது. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எனக்கு அந்த நடை முடியவே வேண்டாம் என்றிருந்தது.

"கலியாணத்துக்கு முதல் அவரை ரெண்டு தரம்தான் கண்டனான்" என்றாள். "பிறகு பதினொரு நாள். இப்ப பன்ரெண்டு நாள். மிச்சமெல்லாம் போன்தான். கடிதத்தைப் பாத்தாப்போலை எனக்கே சந்தேகம் வந்திட்டுது அக்கா. படத்தைப் பாத்தா மெய்யாவே ஆரோ ரெண்டு பேர் மாதிரித்தான் இருக்கு."

"அவரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

யோசித்தாள். "காலமை மூண்டு மணிக்கு வேலைக்குப் போவார். மா பிசைஞ்சு வலது தோள் நோகும். நண்டு சாப்பிட்டா முகம் வீங்கும், ஆனா வாயைக் கட்டமாட்டார்." ஸ்கூட்டியை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினாள். "இந்த முறையும் சரிவராட்டி, வேலையை விட்டிட்டு இஞ்சை வாறன், கடலுக்குப் போறன் எண்டுறார். கடல் பழகாத ஆள். எனக்குப் பயமாக்கிடக்கு."

அன்று இரவு கணவருக்குப் போன் போட்டேன். "லென்சு வாங்கிட்டியா?" என்றார். "வாங்குறதுக்கு முன்னாடி அதைக் கழட்டணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. எண்பத்தைந்தைத் துணியில் சுற்றி வைத்தேன். பையின் அடியைத் துழாவிச் சின்ன லென்சை எடுத்து, நாலு வருடத் தூசியை ஊதித் துடைத்தேன்.

சனிக்கிழமை பட்டும் கோட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வழக்கமா சனிக்கிழமை என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க."

"கூழ் காய்ச்சுவம்" என்றார் பிலோமினா.

பின்வளவில் பூவரச மரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். ஒடியல் மாவைக் கரைத்து வைத்தார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. பெரிய பானையில் மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று ஒவ்வொன்றாக விழுந்தது. புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்து கொதித்தபோது மதிலுக்கு அப்பால் இருந்தவர்கள்கூடத் தும்மினார்கள். சித்தப்பாக்கள் வந்தார்கள். அவர்கள் மனைவிமார் வந்தார்கள். பாசையூரிலிருந்து றொசானின் அக்கா வந்தார். ஆளுக்கொரு பிளா கொடுத்தார்கள், பனை ஓலையில் மடித்த கிண்ணம். நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, லென்சைப் பதினெட்டில் வைத்து, வெளிச்சம் நுழைகிற துளையை எட்டுக்குச் சுருக்கினேன். பானையிலிருந்து மதிலுக்கு அப்பால் தெரிந்த கோயில் கோபுரம் வரை எல்லாம் தெளிவு. மாடு மட்டும்தான் இல்லை.

தொல்லை அன்ரனால் வந்தது. நான் கேமராவைத் தூக்கினால் போதும், மனிதர் தன்னையறியாமல் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். பதினைந்து வருடப் பழக்கம். கேமரா எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. வலது பக்கம் பிடித்தேன், இடது பக்கம் போனார். எழுந்து நின்றேன், குனிந்துவிட்டார். ஒருமுறை என் முதுகுக்குப் பின்னாலேயே வந்து, "அக்கா, கமராவை எப்பன் பதிச்சுப் பிடியுங்கோ" என்றார்.

"டேய்!" பிலோமினா அகப்பையை ஓங்கினார். "நீ படத்திலை நிக்கவெண்டுதானே இவ்வளவும். வந்து இதிலை இரு." வாங்கு என்கிற மர பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் அவரை அமுக்கி உட்கார வைத்து, ஒரு கையில் பிளாவையும் மறு கையில் கரண்டியையும் கொடுத்தார். இரண்டு கையும் நிறைந்த பிறகு மனிதருக்கு எழும்ப வழியில்லை. அவருக்கு மறுபக்கம் ஜெனிற்றா. அவளுக்கு எதிரே பாயில் றொசான்.

எல்லோரும் குடிக்கத் தொடங்கினார்கள். காரத்தில் மூக்குகள் ஒழுகின. கேமராவை மறந்தார்கள். சித்தப்பா ஒருவர் கடலில் எஞ்சின் நின்ற கதையைச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பரவாயில்லாத படங்கள். ஆட்கள் இருந்தார்கள், இடம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் அந்த ஒரு முழம் இருந்தது.

அப்போது றொசான் பானைக்குள் கரண்டியை விட்டு ஒரு பெரிய நண்டுக் காலை எடுத்துத் தன் பிளாவில் போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

"இஞ்சருங்கோ!" ஜெனிற்றா கத்திய கத்தலில் சித்தப்பாவின் கதை நின்றது. "என்ன அது?"

"இறால்."

"இறாலுக்கு உவ்வளவு பெரிய காலோ? நாளைக்குப் பிளேன் ஏறவேணும். முகம் வீங்கினா பாஸ்போட்டிலை இருக்கிற ஆள் இல்லையெண்டு இறக்கிவிடுவாங்கள். தாங்கோ!"

"ஒண்டுதான். ஒரே ஒண்டு. நீர் பேசாமல் இரும்."

"போன மாசமும் ஒண்டு எண்டுதானே சொன்னனீங்கள்? ரெண்டு நாள் வீடியோவிலை முகம் காட்டேல்லை!"

எழுந்து போய்ப் பிளாவைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. கூழ் இரண்டு பேர் மேலும் கொட்டியது. கேமராவை உயர்த்தியது நினைவில்லை. விரல் அழுத்தியது. கண்ணாடி எழும்பியது. இருட்டு.

வெளிச்சம் திரும்பியபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நண்டு மண்ணில் கிடந்தது. என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை. திரையில்தான் பார்த்தேன்.

ஜெனிற்றாவின் முகத்தில் நிஜக் கோபம், கன்னத்தில் கூழ். றொசானின் முகத்தில் திருட்டு முழியும், பிடிபட்டதில் ஒரு சந்தோஷமும். அந்த முழத்தைக் காணவில்லை. வாய் நிறையச் சிரிக்கிற பிலோமினா, முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணுகிற மாதிரி. தும்முகிற சித்தி. கோபுரம். நடுவில் அன்ரன். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன.

கேமரா கைக்குக் கை மாறியது. பிலோமினா தீர்ப்புச் சொன்னார்: "உதை அனுப்புங்கோ. கட்டினவள்தான் உப்பிடிப் பறிப்பாள்."

கடைசியாக அன்ரனிடம் போனது. வெகு நேரம் வைத்திருந்தார். திரையில் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நான் இப்பிடியே பாத்துக்கொண்டு இருந்தனான்?" என்று கேட்டார். "இந்தப் படம் சரிவந்தா, இவள் போயிடுவாளெல்லே அக்கா" என்றார். மூன்று நாளாக எல்லோரும் அதற்குத்தான் பாடுபட்டோம். ஆனால் அப்படி அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றொசானை வழியனுப்பினார்கள். முகம் வீங்கவில்லை. வேனில் ஏறும் முன் ஜெனிற்றா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்து, ஏதோ முறைத்துச் சொன்னாள். எடுக்கலாம் என்று கை போனது. எடுக்கவில்லை.

எனக்கும் அன்றே புறப்பாடு. அன்ரன் எண்பத்தைந்தைப் பெட்டியில் போட்டுத் தந்தார். நான் கேட்க நினைத்த விலையைவிடக் குறைவாகவே சொன்னார். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சின்ன லென்சைப் பைக்குள் வைக்கப் போனேன்.

"அக்கா, உந்தச் சின்னனைத் தருவீங்களே?"

"இதையா? இதை யாரும் சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டாங்க தம்பி."

"எனக்குத் தாங்கோ. அடுத்த கிழமை உடுவிலிலை ஒரு கலியாணம். பொம்பிளையின்ரை மாமா மார், மாமி மார் எல்லாரும் தெரியவேணும்."

கொடுத்தேன். வாங்கித் திரும்பத் திரும்பத் துடைத்தார். பலாலிக்குப் போகும் பஸ்ஸில் இந்த முறை தூங்கவில்லை. மடியில் எண்பத்தைந்து கனத்தது. ஜன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களில் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஊருக்கு வந்து அந்த லென்சில் ஆசை தீர எடுத்தேன். கடைக்கு வருகிறவர்களை, கணவரை, காவிரிப் படித்துறையில் குளிக்கிறவர்களை. எல்லோரும் அழகாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது திருச்சியா, தீவா என்று தெரியவில்லை. என் கணவர் மட்டும், "எனக்குப் பின்னாடி நம்ம கடை இருந்துச்சே, எங்க?" என்று கேட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மதியம், ஒரு வாடிக்கையாளரின் கண்ணுக்கு வில்லை மாற்றிக்கொண்டிருந்தபோது அன்ரனிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, விசா சரிவந்திட்டுது. போன கிழமை தங்கச்சியை ஏத்திவிட்டனாங்கள். நேற்றுக் கூழ் காய்ச்சினது. கமராவை ஸ்டாண்டிலை வைச்சு, உங்கடை லென்சிலைதான் எடுத்தனான். பாருங்கோ, இந்த முறை நானும் நிக்கிறன்."

படத்தைப் பெரிதாக்கினேன். அதே பூவரசு, அதே பானை, அதே கோபுரம். பிலோமினா மஞ்சள் சேலையில். முகிலாக இல்லை, கரையில் ஓடிய பச்சை நூல்கூடத் தெரிந்தது. வாங்கில் அன்ரன், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேராகப் பார்த்தபடி. அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக விட்டிருந்தது. அந்த இடத்தில் வாங்கின் மரம் தெரிந்தது. மரத்தில் இரண்டு ஆணிகள் தெரிந்தன. அங்கே மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சின்ன லென்சுக்கு அது வராது.